தர்மராஜ் பைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது

திங்கட்கிழமை ஒன்றைக் கற்றுக்கொண்டு, செவ்வாய்க்கிழமை காலைக் காப்பிக்கு முன்பே அதை ஊருக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிவிடுகிற இனம் ஒன்று நம்மிடையே உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். கார் ஓட்ட லைசென்ஸ் வாங்கிய மறுநாளே, இருபது வருஷமாக லாரி ஓட்டுகிறவரிடம் போய், "வளைவுல கிளட்சை எப்படிப் பிடிக்கணும் தெரியுமா?" என்று கேட்பவர் அவர்தான். சர்க்கரை வியாதி வந்த பத்தாம் நாள், டாக்டருக்கே வெந்தயத்தின் மகிமையை விளக்குபவரும் அவரே. கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. தங்களுக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் போய்விடுமோ என்கிற பதற்றம் அவர்களைச் சும்மா இருக்கவிடாது. அந்த இன்னொருவருக்கு முன்பே தெரிந்திருக்குமோ என்கிற சந்தேகம்தான் வருவதில்லை.

எடமலைப்பட்டி புதூர் தர்மராஜ் இந்த இனத்தில் முதல் தரம். கூட்டுறவுத் துறையில் முப்பத்தோரு வருஷம் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அதாவது, மற்றவர்கள் வேலை செய்ய, அது சரியா தப்பா என்று சொல்லியே சம்பளம் வாங்கியவர். ஓய்வு பெற்ற பிறகு சம்பளம் குறைந்தது, சொல்வது குறையவில்லை. முதல் வருஷம் காப்பி. செல்போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு ஸ்ரீரங்கம் போனார். அங்கே மூன்று தலைமுறையாகக் காப்பிக்கொட்டை வறுத்து அரைக்கிற கடையில் நின்று, சிக்கரி எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று கடைக்காரருக்கு அரைமணி நேரம் எடுத்துச் சொன்னார். நெற்றி நிறையத் திருமண் இட்டிருந்த அந்தப் பெரியவர் கைகட்டி முழுவதையும் கேட்டார். "அடியேனுக்கு இத்தனை நாளா தெரியாமலே போயிடுத்து. எத்தனை கிராம் கட்டட்டும்?" என்றார். தர்மராஜ் மனம் நிறைந்து வீடு திரும்பினார்.

இரண்டாம் வருஷம், வைகாசியில், பைப் வந்தது.

அது நஸ்ருல்லாவின் புகைபிடிக்கும் பைப். தர்மராஜும் நஸ்ருல்லாவும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். நஸ்ருல்லா ஷார்ஜாவில் கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் இருபத்து மூன்று வருஷம் ஃபோர்மேனாக இருந்துவிட்டு, பாலக்கரையில் வீடு கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தவர். அதிகம் பேசமாட்டார். சாயங்காலமானால் ஒரு பைப் புகைப்பது அங்கே பழகிய பழக்கம். சித்திரையில் நெஞ்சுவலி வந்தது. ஸ்டென்ட் வைத்த டாக்டர், இனி புகை கூடவே கூடாது என்று கண்டித்துச் சொன்னதும், அன்றோடு விட்டுவிட்டார்.

"அந்த முசீபத்துப் பிடிச்ச பைப்பைத் தூக்கி வாய்க்கால்ல போட்டுட்டு வாங்க" என்றார் அவர் மனைவி சாரா பீவி. நஸ்ருல்லா உய்யக்கொண்டான் வாய்க்கால் பாலம் வரைக்கும் போனார். போட மனசு வரவில்லை. ஸ்கூட்டரைத் திருப்பி நேரே தர்மராஜ் வீட்டுக்கு வந்து, பைப்பையும் மிச்சமிருந்த மூன்று டப்பா புகையிலையையும் கொடுத்தார்.

"என்னால தூக்கிப் போட முடியலடா. நீ ஷோகேஸ்ல வெச்சுக்க."

ஷோகேஸிலா? கற்றுக்கொள்ளாத ஒரு பொருளை வீட்டில் சும்மா வைத்திருக்கிற ஆளா தர்மராஜ்? இரண்டு நாள் செல்போனும் கையுமாக உட்கார்ந்தார். தாடி வைத்த வெள்ளைக்காரர்கள் வரிசையாக வந்து சொல்லிக்கொடுத்தார்கள். புகையிலையை மூன்று சிட்டிகையாக நிரப்ப வேண்டும். முதல் சிட்டிகையைக் குழந்தையின் கைபோல மெல்ல அழுத்த வேண்டும், இரண்டாவதைப் பெண்ணின் கைபோல, மூன்றாவதை ஆணின் கைபோல. இதை அவர் உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி மணிமேகலை சமையலறையிலிருந்து கேட்டார்: "இந்த வீட்ல மாவுக் கிரைண்டரைத் தூக்கி வைக்கிறது எந்தக் கைங்க?"

மொட்டை மாடியில் முதல் நாள் பைப் பற்றவைத்தார். டப்பாவின் மேலேயும் வீடியோவிலும் சொல்லியிருந்தபடி அத்திப்பழம் வர வேண்டும், காய்ந்த புல் வர வேண்டும், கோகோ வர வேண்டும், கடைசியில் லேசாகக் கிராம்பு எட்டிப் பார்க்க வேண்டும். வந்தது தலைசுற்றல். சோபாவில் படுத்து எலுமிச்சை ஜூஸ் குடித்தார். இரண்டாம் நாள் நாக்கு வெந்தது. மூன்றாம் நாள் ஒன்றுமே வரவில்லை. எரிந்த காகிதத்தை மென்றால் எப்படியிருக்குமோ அப்படி இருந்தது. நான்காம் நாள் சாயங்காலம் நஸ்ருல்லா நலம் விசாரிக்க வந்தார். தர்மராஜ் அவரை மாடிக்கு அழைத்துப் போய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, பைப் பிடிப்பது எப்படி என்று கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்.

ஆமாம், பைப்பைக் கொடுத்த நஸ்ருல்லாவுக்கேதான்.

"நஸ்ரு, இது சிகரெட் மாதிரி இல்ல. உள்ள இழுக்கக் கூடாது. வாயிலயே வெச்சு ருசிக்கணும். புரியுதா?"

"புரியுது."

"இந்த வர்ஜீனியா புகையிலையில முதல்ல ஒரு அத்திப்பழம் வரும். வருதா?"

"நீதானடா பிடிக்கிற."

"எனக்கு வருது. உனக்கு அந்த வாசனையாவது வரணும்."

பொய். அவருக்கு ஒரு மண்ணும் வரவில்லை. அதற்குள் பைப் அணைந்திருந்தது. தீக்குச்சி கிழித்து, அணைந்ததை உயிர்ப்பிக்கிற வேகத்தில் நாலு இழுப்பு இழுத்து, புகைமண்டலத்துக்குள் மறைந்து, சூட்டில் நாக்கைப் பொசுக்கிக்கொண்டு, வலியை மறைத்து, "பாத்தியா, இப்ப கோகோ" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மறுபடியும் அணைந்தது. ஒரு சாயங்காலத்துக்கு ஒரு தீப்பெட்டி ஆயிற்று.

நஸ்ருல்லா மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். ஐந்தரை மணிக்கு வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்கும். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். எப்போதாவது வாயைத் திறப்பார்.

"தர்மா, நீ கொஞ்சம் பேசாம..."

"இரு, இதை முடிச்சிடறேன்."

ஒருநாளும் முடித்ததில்லை. ஆனாலும், இத்தனை கவனமாகப் பாடம் கேட்கிற மாணவன் தன் வாழ்நாளில் கிடைத்ததில்லை என்று மணிமேகலையிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

தனியாக இருக்கும்போது மட்டும் மனசுக்குள் ஒரு பயம் ஓடியது. ஐம்பத்தொன்பது வயதில் நாக்கு செத்துப்போய்விட்டதோ? யாரும் பார்க்காத நேரத்தில் சமையலறை டப்பாவிலிருந்து வெல்லம் எடுத்துத் தின்று பார்த்தார், இனித்தது. ரசத்தில் உப்பு தூக்கல் என்பது தெரிந்தது, அதைச் சொல்லி வாங்கிக்கட்டியும் கொண்டார். ஆக, நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது. உலகமெல்லாம் ருசிப்பது தனக்கு மட்டும் ஏன் பிடிபடவில்லை? விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தார். ஆனால் மாணவனை என்ன செய்வது?

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, காலை பதினோரு மணிக்கு, ஆட்டோவில் வந்து இறங்கினார் சாரா பீவி. தனியாக வந்திருந்தார். மணிமேகலை கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை. கையிலிருந்த துணிப்பையிலிருந்து ஒரு வெள்ளை அரைக்கைச் சட்டையை எடுத்து மேஜையில் வைத்தார்.

"மோந்து பாருங்க அண்ணே."

மோந்து பார்க்கத் தேவையே இல்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் புகையிலை வாசனை அடித்தது.

"பீரோவுல, மடிச்ச கைலிக்கு அடியில ஒளிச்சு வெச்சிருந்தாங்க. துவைக்கக் கேட்டா, 'அது இருக்கட்டும்'ங்கிறாங்க. மறுபடி ஆரம்பிச்சுட்டாங்களா? உங்க வீட்டு மாடியிலதான் நடக்குதா?"

"ஐயோ, இல்ல தங்கச்சி! அவன் தொடறதே இல்ல. பிடிக்கிறது நான்தான்."

சாரா பீவி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்களா? 'தர்மா கையில பைப் அஞ்சு நிமிஷம் எரியாது'ன்னு இவங்களே வீட்ல சொல்லிச் சிரிச்சாங்களே! அஞ்சு நிமிஷம் எரியாத பைப்புல இருந்து இவ்வளவு வாசனை எப்படி வரும்?"

தர்மராஜுக்கு அது நெஞ்சில் தைத்தது. கண்ணை மூடிப் பாடம் கேட்ட மாணவனா இப்படிச் சொன்னான்? பதில் சொல்ல வாயைத் திறந்தார். சாரா பீவியின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். அவர் அழுதுகொண்டிருந்தார்.

"மூணு மாசம் முன்னாடி ஐசியு வாசல்ல உட்கார்ந்திருந்தது நான். இனிமே தொடமாட்டேன்னு எனக்கு வாக்குக் குடுத்தாங்க. இத்தனை வருஷத்துல என்கிட்ட பொய் சொன்னதே இல்ல அண்ணே. நீங்க அவங்களுக்காக மறைக்காதீங்க."

"இவர்தான் பிடிக்கிறார் சாரா. தீப்பெட்டி வாங்கி மாளல எனக்கு" என்றார் மணிமேகலை.

"அப்ப பிடிச்சுக் காட்டட்டும்."

தர்மராஜ் எழுந்து பைப்பை எடுத்து வந்தார். குழந்தை கை, பெண் கை எல்லாம் மறந்துபோயிற்று. ஏதோ ஒரு கையால் நிரப்பினார். அவர் ஒழுங்காகப் புகைத்தால் நஸ்ருல்லா நல்லவன். பைப் அணைந்தால் நஸ்ருல்லா பொய்யன், அதோடு அந்த வீட்டில் நிம்மதி போயிற்று. இரண்டு பெண்கள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பற்றவைத்தார்.

பேசப் பயமாக இருந்தது. ஒரு வார்த்தை பேசினால் அணைந்துவிடுமோ என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டார். வேகமாக இழுக்கவும் பயம். இன்னும் ஆறாத பாலை உறிஞ்சுவதுபோலக் கொஞ்சமாக, நிதானமாக இழுத்தார். விட்டார். மறுபடி இழுத்தார். ஐந்து நிமிஷம் போயிற்று. பத்து நிமிஷம் போயிற்று. முப்பத்திரண்டு வருஷ மணவாழ்க்கையில் கணவர் விழித்துக்கொண்டிருக்கும்போது பத்து நிமிஷம் பேசாமல் இருந்ததை மணிமேகலை அன்றுதான் பார்த்தார். உடம்புக்கு ஏதாவதா என்றுகூட ஒருகணம் பயந்தார்.

பதினைந்தாவது நிமிஷம் வாக்கில், தர்மராஜின் வாய்க்குள் ஏதோ ஒன்று வந்தது. அத்திப்பழம் இல்லை. கோகோவும் இல்லை. இனிப்பு என்று சொல்ல முடியாது. இனிப்புக்குப் பக்கத்து வீடு. பல வருஷம் முன்பு பச்சைமலைக்கு ஆய்வுக்குப் போயிருந்தபோது, தினை மூட்டை அடுக்கிய கிடங்கின் கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதிய வெதுவெதுப்பான மணம் அவருக்கு நினைவு வந்தது. வந்த ருசி நாக்கின் மேல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போயிற்று. அடுத்த இழுப்பில் திரும்பவும் வந்தது. எழுந்து கத்த வேண்டும்போல இருந்தது. வந்துடுச்சு மணி, வந்துடுச்சு! ஆனால் வாயைத் திறந்தால் நண்பன் போய்விடுவான். கண்ணில் நீர் முட்ட, உட்கார்ந்து புகைத்துக்கொண்டே இருந்தார்.

பைப்பின் கிண்ணத்தில் சாம்பல் மட்டும் மிஞ்சியபோது, சாரா பீவி சட்டையை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு அறையின் காற்றை முகர்ந்தார். இரண்டும் ஒன்றேதான்.

"யா அல்லா. நிஜமா நீங்கதானா?" என்றவர், சட்டென்று நிறுத்தினார். "அப்புறம் எதுக்கு இந்தச் சட்டையைத் துவைக்கக் குடுக்காம ஒளிச்சு வெச்சாங்க?"

மணிமேகலைக்குத்தான் முதலில் புரிந்தது. "உங்க வீட்டுக்காரர் பிடிக்கலதான் சாரா. வாசனைக்காக வந்திருக்கார்" என்றார் மெல்ல.

தர்மராஜ் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரண்டு மாதப் பாடம். அத்திப்பழம், கோகோ, கிராம்பு. ஒரு எழுத்துக்கூட அந்த மனுஷன் காதில் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அவன் தன் பைப்பின் வாசனையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடு, இத்தனை நாளும் இந்த ருசியைத் தெரிந்து வைத்திருந்து, அதைக் கையோடு தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனவனை நினைத்துக்கொண்டே பைப்பைத் துடைத்து மேஜையில் வைத்தார்.

சாரா பீவி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"புகைக்குப் பக்கத்துல உட்கார்றதும் கூடாதுன்னுதான் டாக்டர் சொல்லியிருக்கார். அதனால ஒண்ணு செய்ங்க அண்ணே. டப்பாவைத் திறந்து குடுங்க, மோந்து பாக்கட்டும். நீங்க பத்தவைக்கிறதுக்கு முன்னாடி அனுப்பி வெச்சுடுங்க."

அன்று சாயங்காலமே நஸ்ருல்லா வந்தார். ஸ்கூலில் பிட் அடித்து மாட்டிக்கொண்டவர் போல முகத்தை வைத்திருந்தார். தர்மராஜ் அவரை மாடிக்கு அழைத்துப் போனார். டப்பாவைத் திறந்து அவர் கையில் கொடுத்தார். நஸ்ருல்லா குனிந்து மூக்கை உள்ளே விட்டு நீளமாக மூச்சிழுத்தார். தர்மராஜ் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். முழுசாக ஒரு நிமிஷம். மணிமேகலை சாட்சி.

பிறகு தொண்டையைச் செருமினார்.

"நஸ்ரு, இன்னிக்குத்தான் ஒண்ணு கண்டுபிடிச்சேன். பைப்போட முழு ரகசியமே பேசாம இருக்கிறதுலதான் இருக்கு. எப்படின்னு சொல்றேன் கேளு..."

மௌனத்தைப் பற்றிய அந்தப் பாடம் நாற்பது நிமிஷம் நடந்தது.

"அப்படியாடா?" என்றார் நஸ்ருல்லா, டப்பாவிலிருந்து மூக்கை எடுக்காமலே.

சிரிக்கிறீர்கள், தெரிகிறது. சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் பைப்பைக் கையால் தொட்டிராத உங்களுக்கு இப்போது அதைப் பற்றி நாலு விஷயம் தெரியும். மூன்று சிட்டிகையாக நிரப்ப வேண்டும், உள்ளே இழுக்கக் கூடாது, மெதுவாக உறிஞ்ச வேண்டும், பேசினால் அணைந்துவிடும். நாளைக்கு ஆபீஸ் கேன்டீனிலோ, ரயிலில் எதிர் சீட்டுக்காரரிடமோ, "பைப் ஏன் அணையுது தெரியுமா?" என்று நீங்கள் ஆரம்பிக்கத்தான் போகிறீர்கள். ஆரம்பிப்பதற்கு முன், அவருக்குப் பைப் பழக்கம் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்க மாட்டீர்கள்.