மூன்று பக்கிள் சப்பாத்து

ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். இனிமேல் கேன்வாஸ் சப்பாத்தோடு மோட்டார் சைக்கிளில் ஏறுவதில்லை. ஏறினால் நான் நாராயணசாமி இல்லை.

இதை நான் சத்தமாகச் சொல்லவில்லை. சொன்னால் கங்காவுக்குக் கேட்டுவிடும். கங்கா என் மனைவி. அவள் காதில் விழுந்த என் தீர்மானம் எதுவும் மூன்று நாளைக்கு மேல் உயிரோடு இருந்ததில்லை.

அது ஐம்பத்திரண்டாம் வருஷம். கலும்பாங்கிலிருந்து ஏழு மைல் உள்ளே ஒரு கித்தா ரப்பர் தோட்டத்தில் எனக்குத் தபால் வேலை. துரை கொடுத்த பழைய மோட்டார் சைக்கிளில் ஆபீஸ் கடிதங்களை ஒவ்வொரு டிவிஷனுக்கும் கொண்டுபோக வேண்டும். போகிற இடத்துக்குப் பாதை என்று பெயர். செம்மண், கல், வேர், நடுவில் இரண்டு ஓடை. மழை பெய்தால் பாதையும் என்னோடு சேர்ந்து ஓடிவரும்.

காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை என்று வெள்ளைக்கார சர்க்கார் போட்ட அவசரகாலம் வேறு. நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி. விடிந்ததும் கேட்டைத் திறப்பார்கள், சாயங்காலம் பூட்டுவார்கள். காட்டிலிருப்பவர்களுக்கு ஒரு பிடி அரிசி போய்விடக் கூடாதென்று, வெளியே போகிற ஒவ்வொருவரையும் சோதனை போடுவார்கள். அப்போது எங்களுக்கு ஆளுக்கு இரண்டு அட்டை. ஒன்று சட்டைப்பையில் அடையாள அட்டை. இன்னொன்று காலில். முதலாவதைக் கேட்டால்தான் எடுத்துக் காட்டுவோம். இரண்டாவது கேட்காமலே வந்து ஒட்டிக்கொள்ளும். ஊருக்கெல்லாம் அவசரகாலம், எனக்குக் காலுக்கு அவசரம்.

அந்த நேரத்தில்தான் அவன் வந்தான். பட்டாளத்துத் தபால்காரன். வெள்ளைக்காரப் பையன். துரைக்கு ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டு, கேட் ஓரமாக மோட்டார் சைக்கிளை நிறுத்தி சிகரெட் பற்றவைத்தான். எல்லோரும் அவன் துப்பாக்கியைப் பார்த்தார்கள். நான் அவன் காலைப் பார்த்தேன்.

முழங்காலுக்கு ஒரு சாண் கீழே வரை ஏறி நின்ற கறுப்புத் தோல் சப்பாத்து. பக்கத்தில் மூன்று பக்கிள். பாதி ரொட்டி கனத்தில் அடித்தோல். சேற்றில் காலை வைத்தான், சேறு ஒதுங்கிக்கொண்டது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒதுங்கிக்கொண்டது.

அவன் போய்விட்டான். அந்தச் சப்பாத்து போகவில்லை. சோற்றில் கை வைத்தால் பக்கிள் தெரிந்தது. ஆபீஸ் கிராணி என்னிடம் கடிதத்தை நீட்டினால் தோல் வாசனை வந்தது. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தபோதுகூட நான் இப்படி ஏங்கியதில்லை. இதைக் கங்காவிடம் சொல்லிவிடாதீர்கள்.

கலும்பாங்கில், நாங்கள் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் மதார் சாகிபு கடையில் பட்டாளத்துப் பழைய சாமான்கள் வரும். ஒரு நல்ல ஜோடி இருபத்து நாலு வெள்ளிக்குக் குறையாது என்று விசாரித்து வைத்திருந்தேன். என்னிடம் இருந்தது பன்னிரண்டு. கங்காவிடம் கோழி முட்டை விற்ற காசு இருந்தது. அவள் வெளிகாட்டு நிரையில் கத்தியால் மரத்தைக் கீறிப் பால் வெட்டுகிறவள். வியர்வையில் வந்த காசை அவள் விரலிலிருந்து பிரிப்பது, கித்தாப் பாலைக் கையிலிருந்து பிரிப்பது போலத்தான்.

ஆகவே ஒரு பிரசங்கம் தயார் செய்தேன். இரண்டு நாள் ஓடைக்கரையில் நின்று ஒத்திகை பார்த்தேன். சனிக்கிழமை மத்தியானம், அவள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தேன்.

"கங்கா, ஒரு மனுசனுக்குக் கால்தான் முக்கியம்."

"ஆமாங்க."

"நேத்து சைக்கிள் சறுக்குச்சு. கணுக்கால் திரும்பிருக்கும். திரும்பிருந்தா வேல போச்சு."

"போயிருக்கும்."

"புகைக் குழாய் பட்டு ரெண்டு தடவ சுட்டிருச்சு. அட்டை வேற."

"அய்யோ."

"அதனால நான் என்ன சொல்ல வர்றேன்னா…"

"ஒரு நல்ல சப்பாத்து வாங்குங்க. பாதிக் காசு நான் தர்றேன்."

பிரசங்கத்தில் இன்னும் முக்கால் பாகம் மிச்சம் இருந்தது. விதவைகளைப் பற்றி ஒரு நல்ல இடம் வைத்திருந்தேன்.

"நெசமாவா?"

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. ரேசன் வாங்கவும் போகணும். நானும் வர்றேன். உங்கள ஒண்டியா விட்டா ஏமாத்திருவாங்க."

நாமும் பேச்சில் பெரிய ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவளைப் பின்னால் உட்காரவைத்துக் கலும்பாங் போனேன். மதார் சாகிபு எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "வாங்க தம்பி, வாம்மா தங்கச்சி." மூன்று ஜோடியை மேசைமேல் வைத்தார்.

முதலாவது ரப்பர். "எட்டு வெள்ளிதான். ஆனா உள்ள தண்ணி பூந்துச்சுன்னா வெளிய வராது. கல்லு மேல ஊனுனா வழுக்கும்" என்றார். நல்ல மனுஷன்.

இரண்டாவது பட்டாளத்துக் குட்டைச் சப்பாத்து. கனம், அழுத்தம், பதினாறு வெள்ளி. என் காலுக்கு அப்படியே பொருந்தியது. ஆனால் பக்கிள் இல்லை. அழகும் இல்லை. அதைப் போட்டால் நான் நாராயணசாமியாகவே தெரிந்தேன்.

மூன்றாவதை அவர் துணி உறையிலிருந்து எடுத்தார். அதேதான். கறுப்புத் தோல். மூன்று பக்கிள்.

கங்கா அதைக் கையில் வாங்கினாள். அடித்தோலை வளைத்துப் பார்த்தாள். தையலில் நகத்தை ஓட்டினாள். உள்ளே கையை விட்டு ஆணி குத்துகிறதா என்று தடவினாள்.

"நானா, மேல்வாய்ல எடவெளி இருக்கா? அட்டை ஏறுமா?"

"பக்கிளை இழுத்தா எறும்புகூட ஏறாதும்மா."

"கணுக்கால்ட்ட கெட்டியா?"

"கல்லு விழுந்தாலும் தெரியாது."

"மேட்டுல ஏறுனா வழுக்குமா?"

"வழுக்காது தங்கச்சி."

நான் பெருமையாக நின்றேன். என் கால்மேல் இவளுக்கு எவ்வளவு அக்கறை! பக்கத்தில் சாமான் வாங்க நின்ற ஒருவரைப் பார்த்துச் சிரித்தேன், 'பார்த்தீர்களா' என்பது போல.

உட்கார்ந்து காலை நுழைத்தேன். குதிகால் போனது. மற்றது யோசித்தது. நான் எழுந்து நின்று மிதித்தேன். உள்ளே ஐந்து விரலும் ஒரே விரலாயின.

சாகிபு குனிந்து பார்த்தார். "தம்பி, கொஞ்சம் சின்னதா…"

கங்கா அவரைப் பார்த்தாள். அவருக்கு இருமல் வந்தது.

"தோலுதானே நானா, போடப் போட விரிஞ்சு குடுக்கும்" என்றாள். என் பக்கம் திரும்பி, "நடங்க, பாப்போம்" என்றாள்.

நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் கண்ணில் பூச்சி பறந்தது. ஆனால் கடையின் பெரிய கண்ணாடியில் ஒரு ஆள் தெரிந்தான். முழங்கால் வரை வீரன். அவனுக்கு வலித்தால் என்ன?

"எப்படி இருக்கு?" என்றேன்.

"உங்க காலுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு லா."

என் பன்னிரண்டையும் அவள் பன்னிரண்டையும் கொடுத்தோம்.

திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். போடவே அரைமணி நேரம் ஆனது. கேட்டில் எனக்கு முன்னால் பால் வெட்டுகிறவர்கள் வரிசை. வாளி, கத்தி, தலைத்துணி. எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் இன்னொரு இருபத்து நாலு வெள்ளி கொடுத்திருப்பேன்.

காவலுக்கு நிற்கும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் சன்னாசியும் பார்த்தான்.

"அண்ணே, சப்பாத்தக் கழட்டுங்க."

"ஏன்டா?"

"இவ்ளோ பெருசு. உள்ள அரிசி இருக்கான்னு பாக்கணும்."

"அரிசியா? என் காலுக்கே எடம் இல்லடா உள்ள!"

"சட்டம் லா அண்ணே. கழட்டாம வெளிய விட முடியாது."

உட்கார்ந்து இழுத்தேன். வரவில்லை. சன்னாசி துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து இழுத்தான். சப்பாத்தோடு நானும் ஒரு முழம் நகர்ந்தேன். வரிசை நீண்டது. ஆட்களை மேய்க்கிற மண்டோர் கத்தினார். பக்கத்து வீட்டு வேலம்மா வரிசையிலிருந்து வந்து என் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, மூச்ச இழுத்து விடு. தலை தெரியுதா பாரு சன்னாசி!"

வரிசை முழுக்கச் சிரிப்பு. கங்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். குதிகாலைப் பிடித்து ஒரு திருகு, ஒரு இழுப்பு. வந்துவிட்டது. அடுத்ததும் வந்தது. இரண்டு பாதமும் வெந்த இறால் மாதிரி சிவந்து, நாலு இடத்தில் கொப்புளம்.

"இதோட எப்படிங்க கியர் போடுவீங்க? பழைய கேன்வாஸ வாளில கொண்டாந்திருக்கேன், அதப் போட்டுட்டுப் போங்க" என்றாள் கங்கா.

"இந்தச் சப்பாத்து?"

"வீட்டுக்குத் திரும்பிப் போயி வச்சிட்டு வர நேரம் ஏது? பெரட்டுல பேரு கூப்பிடுற நாழியாச்சு. கையில தூக்கிட்டுப் போனா எப்படி மரம் வெட்டறது? காலுல போட்டுக்கறேன்."

சொல்லிக்கொண்டே தலைத்துணியில் ஒரு துண்டைக் கிழித்துப் பாதத்தில் சுற்றினாள். காலை விட்டாள். வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று பக்கிளை மாட்டினாள். சன்னாசி கேட்டைத் திறந்து நின்றான். அவளைச் சோதிக்கக்கூட அவனுக்கு மறந்துபோனது. அவள் மேட்டில் ஏறிப் போனாள். வழுக்கவில்லை.

நான் கேன்வாஸ் சப்பாத்தோடு பார்த்துக்கொண்டே நின்றேன். பனிக்குள் அந்தக் கறுப்புத் தோல் நிரை நிரையாக மறைந்து தெரிந்து மறைந்தது. என் சப்பாத்து என்னை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறது.

அன்றும் அதற்கு அடுத்த நாளும் போனது. "விரிச்சுக் குடுக்கறேங்க" என்றாள். ஒரு வாரம் விரித்தாள். நான் தினமும் கேட்டில் நின்று வழியனுப்பினேன்.

சனிக்கிழமை அவள் காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது பார்த்தேன். புதிதாக ஒரு அட்டைக்கடிகூட இல்லை. பழைய தழும்புகள் மட்டும். முழங்காலிலிருந்து பாதம் வரை, எண்ணினால் முடியாது. எட்டு வருஷமாக அவள் வெறுங்காலோடு அந்த மேட்டில் ஏறியிருக்கிறாள். எட்டு வருஷமாக எனக்கு மட்டும் கேன்வாஸ் சப்பாத்தாவது இருந்திருக்கிறது. அவள் கழுவி முடித்ததும் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

"என்ன புதுசா?" என்றாள்.

"சும்மாதான்."

சப்பாத்தை அவளுக்கே விட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். நானாகத்தான் தீர்மானித்தேன். மனசு விரிந்திருந்தது, சப்பாத்துதான் விரியவில்லை. என்றாலும் அந்த ஏக்கம் மட்டும் போகமாட்டேன் என்றது. தபால் எடுக்கக் கலும்பாங் போனபோது சாகிபு கடைக்குள் நுழைந்தேன்.

"நானா, அதே ஜோடி, எனக்குச் சேர்ற அளவுல ஒண்ணு வருமா? அந்தச் சப்பாத்த சம்சாரத்துக்கே குடுத்துட்டேன். பாவம், அவ காலும் காலுதானே. அதிசயம் பாருங்க, அவளுக்கு அப்படியே பொருந்திருச்சு!"

மதார் சாகிபு என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"பொருந்தாம என்ன தம்பி? போன மாசமே அந்தத் தங்கச்சி வந்து, காலுக்குத் துணியச் சுத்திப் போட்டுப் பாத்து, கடைக்குள்ள நாலு நடை நடந்துட்டு, 'யாருக்கும் வித்துராதீங்க நானா, பாதிக் காசு எங்கிட்ட இருக்கு, மீதிப் பாதிய எங்க வீட்டுக்காரரே மோட்டார் சைக்கிள்ல கொண்டாருவாரு'ன்னு சொல்லிட்டுல்ல போச்சு!"