கொக்கனித் தூண்டில் தேர்வுக் குழு

அமெரிக்காவின் வட ஐடஹோவில், ஸ்டில்சன் ஏரிக்குப் பத்து நிமிடத் தொலைவில், மீன்பிடிக் கலையின் வரலாற்றிலேயே மிகப் பொறுப்பான மனிதர் வாழ்கிறார். பெயர் ஹார்லன் விக். வயது ஐம்பத்து மூன்று. இதுவரை ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை. பொறுப்பில்லாதவர்கள் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு நேரே ஏரிக்குப் போய்விடுவார்கள். போன கையோடு மீனும் பிடித்துவிடுவார்கள். அந்த அவசர புத்தி விக் அவர்களிடம் கிடையாது.

அலுவலகத்திலும் அவர் அப்படித்தான். மாவட்ட நிர்வாகத்தில் கழிவுநீர்த் தொட்டி அனுமதிப் பிரிவுக்கு அவர்தான் தலைமை அதிகாரி. வீட்டைக் கட்டி, குளியலறையைக் கட்டி, குழாயைத் திறக்கக் காத்திருப்பவர்களின் விண்ணப்பங்களை நான்கு மாதம் 'ஆழ்ந்து' பரிசீலிப்பார். அதற்குள் அவசரம் தாங்காதவர்கள் பக்கத்து மாவட்டத்துக்கே குடிபோய்விடுவார்கள். கோப்பு எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்துவிடும்.

ஏப்ரல் முதல் சனிக்கிழமை, காலைக் காபியின்போது, அவர் மனைவி டெல்லா பேச்செடுத்தாள்.

"ஹார்லன், ஒரு சனிக்கிழமை ஏரிக்குப் போலாமா? கொக்கனி பிடிக்க. நீயும் நானும் மட்டும்."

"கொக்கனியா?"

"ஆமா. ஊரே பிடிக்குது, நாம மட்டுந்தான் வேடிக்க பாக்கறோம். அப்பாவோட படகு துறையில சும்மா மிதக்குது. பையன் நேவிக்குப் போனதுலேர்ந்து இந்த வீட்ல எங்கூடப் பேசறது பிரிட்ஜ் ஒண்ணுதான். அதுவும் ஒரு முக்கல், ஒரு உறுமல், முடிஞ்சுது. படகுல உக்காந்துட்டா உன்னால எந்திரிச்சு எங்கயும் போக முடியாது பாரு. அதான் கேக்கறேன். ஒரே ஒரு சனிக்கிழமை."

சாதாரணக் கணவனாக இருந்தால் "சரி, கிளம்பு" என்று சொல்லிக் காரியத்தையே கெடுத்திருப்பான். விக் அவர்கள் அதை விண்ணப்பமாக ஏற்றுக்கொண்டார்.

"நல்ல யோசனைதான். ஆனா மொத தடவ போறோம். சாமான் சரியா இருக்கணும்," என்றார்.

கொக்கனி என்பது கடலுக்குப் போகாமலே வாழ்ந்து முடிக்கிற சால்மன் வகை மீன். ஏரியிலேயே வளர்ந்து, நாலாவது வயதில், கோடை முடிகிற சமயத்தில் உடம்பெல்லாம் சிவந்து, ஓடையேறி முட்டையிட்டுச் செத்துப்போகும். சிவந்துவிட்டால் ருசி போய்விடும். கண்ணுக்கே தெரியாத நீர்ப்பூச்சிகள்தான் அதற்கு ஆகாரம். அதைப் பிடிக்க இந்த ஊர்க்காரர்கள் படகை நத்தை வேகத்தில் ஓட்டிக்கொண்டே, ஒரு மினுக்குத் தகட்டையும் அதன் பின்னால் ரோஸ் நிற ரப்பர் கணவாய் ஒன்றையும் இழுத்துக்கொண்டு போவார்கள். தூண்டில் முள்ளில் டின்னில் வந்த வெள்ளைச் சோள மணி ஒன்றைக் குத்துவார்கள். அந்த ஏரி மீன் ஜென்மத்தில் கணவாயைக் கண்டதில்லை; சோளக் காட்டையும் கண்டதில்லை. ஆனாலும் வந்து கடிக்கிறது. ஏன் என்று ஊருக்கும் தெரியாது, மீனுக்கும் தெரியாது. இப்படிக் காரணமே இல்லாத ஒரு காரியத்துக்கு ஓர் அதிகாரி எப்படி ஒப்புதல் தருவார்?

முதலில் கடைத்தெருவில் வெர்னாவின் தூண்டில் கடைக்குப் போனார். வெர்னா முப்பது வருடமாக அந்தக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவள்.

"தகடு ஒண்ணு, ரோஸ் கணவாய் ஒண்ணு, சோளம் ஒரு டின். போய்ப் புடி," என்று மூன்றையும் எடுத்து வைத்தாள்.

"இருக்கறதுலயே இதுதான் பெஸ்டா?"

வெர்னா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அவரை நன்றாகப் பார்த்தாள். இப்படிக் கேட்கிற வாடிக்கையாளர் பத்து வருடத்துக்கு ஒருவர்தான் வருவார்.

"இருக்கறதுலயே பெஸ்டா? அப்ப உக்காரு, ஹார்லன்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அன்று விக் அவர்கள் பதினேழு தகடுகளுடன் வெளியே வந்தார். வழவழப்பானது, சுத்தியால் கொத்தியது, செம்பு, பித்தளை, இருட்டில் ஒளிர்வது, பாம்புத்தோல் ஒட்டியது. ரப்பர் கணவாய்கள் முப்பத்தொன்பது. அதில் ரோஸ் மட்டுமே பதினொரு விதம்.

அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டுக் கார் கொட்டகையில் 'கொக்கனித் தூண்டில் தேர்வுக் குழு' முறைப்படி அமைக்கப்பட்டது. தலைவர், விக். செயலாளர், பக்கத்து வீட்டு மைலோ ஸ்ட்ராண்ட், ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர். வேறு உறுப்பினர்கள் இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை கூட்டம். இரண்டே பேர் என்பதால் எந்த வாக்கெடுப்பும் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாகவே முடிந்தது. ஆகவே எல்லாமே அடுத்த வாரத்துக்கு 'ஒத்திவைக்கப்பட்டது'. இதைவிட ஒற்றுமையான குழுவை நான் பார்த்ததில்லை.

"மைலோ, அறுபதடி ஆழத்துல ரோஸ் ரோஸாவே தெரியுமா?"

"தெரியாது. செவப்பு சாயந்தான் மொதல்ல மங்கும். கீழ போனா சாம்பலாத்தான் தெரியும்."

"அப்ப சாம்பல் கலரே வாங்கிடலாமே?"

"அதெப்படி? அது வெறும் சாம்பல். இது சாம்பலாத் தெரியற ரோஸ். மீனுக்கு வித்தியாசம் தெரியும்யா."

"உனக்கெப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்னு யாரு சொன்னா? மீனுக்குத் தெரியும்னேன்."

இது நான்காம் எண் தீர்மானமாகப் பதிவாகி, அதுவும் ஒத்திவைக்கப்பட்டது.

மே மாதம் களப்பரிசோதனை. தகடு இடமும் வலமுமாக ஆடி ஆடி வர வேண்டும். அதற்குப் படகின் வேகம் மணிக்கு ஒன்றேகால் மைல். அதைச் சோதிக்க இருவரும் பாசன வாய்க்காலுக்குப் போனார்கள். கையில் தூண்டில் கழியைப் பிடித்தபடி, தண்ணீரில் தகட்டை இழுத்துக்கொண்டு, கைபேசியில் வேகத்தைப் பார்த்துப் பார்த்து, கரையோரமாக ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். சவ ஊர்வலம்கூட அதைவிடக் கொஞ்சம் உற்சாகமாகப் போகும். மதகு திறக்க வந்த வாய்க்கால் காவலர் வண்டியை நிறுத்தினார்.

"என்னப்பா பண்றீங்க? இதுல மீனே கெடையாதே."

"தெரியும். மீன் இருந்தா சோதனை கெட்டுடும்," என்றார் விக்.

"ஏரிதான் பத்து நிமிஷத்துல இருக்கே?"

"தயாராகாம ஏரிக்குப் போறதா?" என்று மைலோ அதிர்ந்துபோய்க் கேட்டார்.

காவலர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். விக் அவர்களின் சாதனைக்கு அரசு தரப்பில் கிடைத்த முதல் மரியாதை அது.

பிறகு சோளப் பிரிவு. பூண்டுச் சாற்றில் ஊறிய சோளம், சூரைமீன் எண்ணெயில் ஊறியது, சோம்பு போட்டது, இறால் பொடி போட்டது, ரோஸ் சாயம் ஏற்றியது என்று பிரிட்ஜில் ஒன்பது பாட்டில்கள் குடியேறின. பாலில் பூண்டு வாசம் வந்தது. டெல்லா ஆசையாகச் சுட்டு வைத்த ஹக்கிள்பெரிப் பழப் பலகாரத்தில் சூரைமீன் வாசம் வந்தது. அவளோடு பேச்சுத்துணைக்கு இருந்த பிரிட்ஜும் இப்படி எதிர்க்கட்சிக்குப் போய்விட்டது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை எட்டு மணிக்கு டெல்லா மேல்கோட்டு மாட்டிக்கொண்டு கொட்டகை வாசலில் வந்து நிற்பாள்.

"இன்னைக்கு?"

"இன்னைக்குத் தூண்டில் நரம்போட நீளம், டெல்லா. தகட்டுக்கும் முள்ளுக்கும் நடுவுல பத்து அங்குலமா, பன்னெண்டான்னு முடிவாகணும். அடுத்த வாரம் கண்டிப்பா."

அவள் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுப் பாத்திரம் கழுவப் போவாள். எட்டு சனிக்கிழமை இப்படிப் போயிற்று. ஒன்பதாவது சனிக்கிழமை கோட்டைக் கழற்றவில்லை. காரை எடுத்துக்கொண்டு நேரே வெர்னா கடைக்குப் போனாள்.

"மீன் இப்ப என்னத்தக் கடிக்குது?"

"ரோஸ். சோளம். அம்பதடி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான்."

"ஹார்லன்கிட்ட இதச் சொல்லவே இல்லியா?"

"மொத நாளே எடுத்து வச்சேன் தாயி. மீன் என்ன கடிக்கும்னு நீ கேக்கற. பெஸ்ட்டு எதுன்னு அவன் கேட்டான். அதுக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்?"

டெல்லா படகை எடுத்தாள். முன்பின் தெரியாத வேலை. துறையில் பக்கத்துப் படகுக்காரர் ஆர்வில் கிழவர் மோட்டாரை எப்படி அடக்கி ஓட்டுவது என்று காட்டிக் கொடுத்தார். முதல் நாள் நான்கு மீனைத் தவறவிட்டாள். கொக்கனிக்கு வாய் ஈரக் காகிதம் மாதிரி. வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துகொண்டு போய்விடும், பையப் பைய இழுக்க வேண்டும் என்று பட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு இரண்டு அகப்பட்டன. வெள்ளி வெள்ளியாக அவை படகுக்குள் துள்ளியபோது வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பக்கத்து இருக்கையைப் பார்த்துத் திரும்பினாள். அது காலி. அழுகை வந்துவிட்டது.

அன்று மாலை மீனை வெண்ணெயில் பொரித்து, எலுமிச்சை பிழிந்து மேசையில் வைத்தாள்.

"பேஷா இருக்கே! கடையில வாங்கினதா?" என்றார் விக்.

அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே தொடர்ந்தார்: "நல்ல மீன்தான், இல்லேங்கல. ஆனா கொக்கனி கிட்டகூட வராது. அது லேசுல சிக்கற மீனில்ல, டெல்லா," என்று மூன்றாவது துண்டை எடுத்துக்கொண்டார்.

அவள் சட்டியில் மிச்சமிருந்த துண்டையும் அவர் தட்டில் வைத்தாள். அந்தக் கோடை முழுவதும் சனிக்கிழமை தவறாமல் தலைவர் அவர்கள் கொக்கனியைத் தின்றுகொண்டே, கொக்கனி பிடிப்பதில் உள்ள சிரமங்களை எடுத்துரைத்தார். யாராவது ஏரிப்பக்கம் போயிருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். குழுவில் யாரும் போகவில்லை.

ஜூலையில் ஸ்போகேன் நகரத்திலிருந்து டெல்லாவின் தங்கை லோர்னா கூப்பிட்டாள். அங்கே பேக்கரி வைத்திருப்பவள்.

"பேசாம இங்க வந்துடுக்கா. மாடி ரூம் காலியாத்தான் கெடக்கு. கடைக்கு ஆளும் வேணும். பேச்சுக்கு நான் இருக்கேன், கடைக்கு வர்ற கெழவிங்க இருக்காங்க. வாய் வலிக்கும் உனக்கு."

"ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அதுக்கப்புறம் மீன் செவந்துடும்," என்றாள் டெல்லா.

ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமையும் வந்தது. மைலோவுக்கு முழங்கால் வலி. அவர் வராததால் வாக்கெடுப்பு ஒன்றுக்குப் பூஜ்யம் என்று வரலாற்றில் முதல்முறையாக முடிவு கண்டது. விக் அவர்கள் நான்கு பெட்டி சாமானோடு காரில் ஏறினார். டெல்லாவுக்கு வெட்கமாக இருந்தது, இத்தனைக்குப் பிறகும் அவளுக்கு ஆசை விடவில்லை.

துறையில் ஆர்வில் கிழவர் கையை ஆட்டினார். "வா டெல்லா! போன வாரம் மாதிரி இன்னைக்கும் ஆறா?"

டெல்லா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். இப்போது கேட்பார். என்ன போன வாரம், என்ன ஆறு, உன்னை எப்படி இந்த ஆளுக்குத் தெரியும் என்று ஏதாவது ஒன்று கேட்டே ஆக வேண்டும்.

"அவரு எத்தன அங்குல நரம்பு போட்டிருக்காரு பாத்தியா?" என்று கேட்டார் விக்.

அவள் மோட்டாரைக் கிளப்பி, படகைத் திருப்பி, ஏரி நடுவுக்குக் கொண்டுபோனாள். அவள் எப்போது கற்றுக்கொண்டாள் என்ற கேள்வி தலைவருக்கு எழவில்லை. அவர் தண்ணீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டிருந்தார். முதல் தகட்டைத் தேர்ந்தெடுக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மலைச்சரிவிலிருந்து பனிமூட்டம் விலகிக்கொண்டிருந்தது. தண்ணீர் அசையவே இல்லை.

"ஹார்லன், கொஞ்சம் நிமிந்து பாரேன்."

"ஒரு நிமிஷம்."

ஒரு நிமிடம் போயிற்று. நாற்பது நிமிடமும் போயிற்று. திடீரென்று கழியின் நுனி குதித்தது. விக் அவர்கள் அதை இரண்டு கையாலும் பிடித்து, ஐந்து மாத ஆராய்ச்சியின் முழு பலத்தோடு ஒரே வெட்டாக வெட்டி இழுத்தார். பாதி சிவந்துபோன ஒரு கொக்கனி நீருக்கு மேலே எழும்பி, அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு விழுந்தது. முள்ளில் உதட்டுத் துணுக்கு மட்டும் வந்தது.

"பையத்தான் இழுக்கணும், ஹார்லன். அதுக்கு வாய் ரொம்ப மெத்து. வேகமா இழுத்தா போயிடும்," என்றாள் டெல்லா.

"அது வாய்க் கோளாறில்ல. தகட்டுக்கு முன்னாடி ஒரு ரப்பர் வளையம் போட்டிருக்கணும். மூணாவது பெட்டியில இருக்கு. கவனிக்காம விட்டுட்டேன்."

அன்று அவள் தூண்டில் போடவே இல்லை.

மதியம் துறைக்குத் திரும்பும்போது விக் அவர்களின் முகம் ஜொலித்தது. மீன் கிடைக்கவில்லை; தகவல் கிடைத்துவிட்டதே.

"டெல்லா, இப்ப எல்லாமே புரிஞ்சுபோச்சு. நரம்பு பதினோரு அங்குலம், ரப்பர் வளையம் ஒண்ணு. அடுத்த ஏப்ரல்ல நீயும் நானும் வர்றோம், ஆளுக்கு ஆறு புடிக்கறோம்!"

டெல்லா கயிற்றைத் துறையில் கட்டி முடிச்சை இறுக்கினாள்.

"அடுத்த ஏப்ரல்ல நான் இங்க இருக்க மாட்டேன், ஹார்லன். திங்கக்கிழமை ஸ்போகேன் போறேன். லோர்னா வீட்டுக்கு. திரும்பி வர்றதா இல்ல."

விக் அவர்கள் அன்று முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன டெல்லா இது, திடீர்னு தலையில கல்லத் தூக்கிப் போடற? இவ்வளவு பெரிய முடிவு எடுக்கறவ எங்கிட்ட ஒரு வார்த்த முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"சொன்னேனே. ஜூலையில, சாப்பிடும்போது. 'ஹார்லன், நான் உன்ன விட்டுட்டுப் போயிடலாம்னு பாக்கறேன்'னு சொன்னேன். நீ மீன் முள்ள எடுத்துத் தட்டு ஓரத்துல வச்ச. ரொம்ப நேரம் யோசிச்ச. அப்புறம் தலைய ஆட்டிட்டு, 'எத்தன அடி ஆழத்துல?'ன்னு கேட்ட."