ஜமாபந்தி டாக்டரும் கடுகளவு கெட்டியும்

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே மிக மெதுவாக நடந்த மனிதர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் எங்கள் ஜமாபந்தி டாக்டரைச் சொல்வேன். இத்தனைக்கும் அவர் நடந்தது முழுக்க ஒரு கண்ணாடித் தகட்டின் மேல்.

நான் அப்போது ஓர் ஆஸ்பத்திரி லேபில் டைப்பிஸ்ட். நோயாளியிடமிருந்து வெட்டியெடுத்த சதைத் துணுக்கு எங்களிடம் வரும். டெக்னீஷியன் தங்கராசு அதை மெழுகில் பதித்து, கத்தியால் இழை இழையாகச் சீவி, சாயமேற்றித் தகட்டில் ஒட்டுவார். டாக்டர் அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயின் பெயரைச் சொல்வார். நான் டைப் அடிப்பேன்.

மற்ற டாக்டர்கள் நாலு இடம் பார்த்து முடித்துவிடுவார்கள். இவர் இடது மேல் மூலையில் தொடங்கி, வருஷா வருஷம் ஜமாபந்தியில் தாசில்தார் ஒவ்வொரு சர்வே நம்பராக நிலக் கணக்குப் பார்ப்பதுபோல் வரிசை வரிசையாக வருவார். பெயர் வந்த கதை அதுதான். "வரப்பு மேலயே வரணுங்க. நடுவுல குதிச்சா நாத்துதான் மிதிபடும்" என்பார். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால், பிள்ளையார் சுழியில் தொடங்கி அடியில் அச்சகத்தின் பெயர்வரை படித்துவிட்டுத்தான் "சந்தோஷம்" என்பார். கொடுத்தவர் அதற்குள் பக்கத்துத் தெருவையே முடித்துவிட்டு வந்திருப்பார்.

கோட்டையில் கழக ஆட்சி. கீழ்த்தஞ்சை வயல்களில் கூலித் தகராறு. திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து மருதாயி என்ற நடவுக்காரப் பெண் தொடையில் எலுமிச்சை அளவுக் கட்டியோடு வந்தார். தகராறில் மிராசுதாரின் ஆள் தடியால் அடித்த இடம் என்றார்.

சர்ஜன் ஒரு துணுக்கு வெட்டி அனுப்பினார். தகட்டில் சின்னச் சின்ன நீலச் செல்கள், நாற்றங்கால்போல நெருக்கமாக நின்றன. புற்றுநோய்தான், அதில் சந்தேகமில்லை. எந்தப் புற்றுநோய் என்பதுதான் கேள்வி. சர்ஜன் நினைத்த வகை என்றால் அறுக்க வேண்டாம், மெட்ராசில் கரண்டு, அதாவது கதிர் சிகிச்சை, வைத்தால் போதும். மறுநாள் ரயிலுக்கு அனுப்பத் தயாராக இருந்தார். நானும் காகிதத்தை மெஷினில் சொருகிவிட்டேன்.

டாக்டர் மூன்றாவது வரிசையில் நின்றுவிட்டார்.

"இங்க ஒரு குழி இருக்கு. ஓரமெல்லாம் பிஞ்சிருக்கு. தங்கராசு, எதையாவது பிடுங்கினீங்களா?"

தங்கராசுவுக்குக் கத்திதான் மூத்த பிள்ளை. தினமும் கல்லில் தீட்டித் தோலில் தேய்த்த பிறகுதான் டீ குடிப்பார். துணுக்கில் கெட்டியாக ஏதாவது விரலில் தட்டுப்பட்டால், நெம்பி எடுத்துவிட்டுத்தான் மெழுகில் வைப்பார்.

"கடுகளவு கெட்டி சார். கத்தி வாய் போயிடுமேன்னு எடுத்துப் பாட்டில்லயே போட்டுட்டேன். வெறும் சுண்ணாம்பா இருக்கும் சார்."

"அதையும் பாத்துடுவோம்."

கெட்டி இளக அதை ஆசிட்டில் ஊறவைக்க வேண்டும். அதற்குச் சில நாள் பிடித்தது. தினமும் சர்ஜன் வாசலில் நின்று, "அந்தம்மா உயிரு உங்க மூலை முடுக்குக்காகக் காத்துக்கிட்டிருக்குமாய்யா?" என்று கத்துவார். டாக்டர், "தப்பான வைத்தியத்த சீக்கிரமா பண்ணி என்னய்யா பிரயோஜனம்?" என்பார். ஒருநாள் மருதாயியே விந்தி விந்தி வந்துவிட்டார்.

"ஐயா, எங்கூர்ல மனைப்பட்டா குடுக்கப் போறாங்க. உங்க ஜமாபந்தி என்னிக்குங்கய்யா முடியும்?"

பட்டப்பெயர் வார்டுவரை போயிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டர் மட்டும் சாதாரணமாக, "ரெண்டு நாள்ல முடிச்சுடறேம்மா" என்றார்.

சொன்னபடியே புதுத் தகடு வந்தது. ஏழாவது வரிசையில் என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அதே நாற்றங்கால், நடுநடுவே கிளை பிரியும் வாய்க்கால்களாக ரத்தக் குழாய்கள். திடீரென்று அதன் நடுவில் வெளிறிய நீலத்தில் வழவழப்பான ஒரு திட்டு. திட்டுக்குள் குட்டிக் குட்டி அறைகள். அறைக்கு ஒரு செல், சிலவற்றில் இரண்டு. கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

"இது குருத்தெலும்புங்க. காது மடல்ல, மூக்குல, மூட்டுல இருக்க வேண்டியது. தொடைச் சதைக்குள்ள இதுக்கு யாருங்க பட்டா குடுத்தா?" என்றார் டாக்டர். பிறகு குரல் தணிந்தது. "சதைக்குள்ள குருத்தெலும்ப உண்டாக்குற புற்று. ரொம்ப அபூர்வம். நாத்து, திட்டு ரெண்டையும் ஒரே வயல்ல பாத்தாத்தான் பேரு தெரியும். இதுக்குக் கரண்டு மட்டும் பத்தாது. சுத்தியுள்ள நல்ல சதையோட சேத்து அறுத்தெடுக்கணும்."

ரிப்போர்ட்டைப் படித்த சர்ஜன் உடனே தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார். மறுநாளே அறுவை நடந்தது. மருதாயியின் உயிரும் தப்பியது, காலும் தப்பியது. அடியால் கட்டி வரவில்லை, அடிபட்ட பிறகு தடவிப் பார்த்ததில்தான் தெரியவந்தது என்று டாக்டர் சொன்னதை மட்டும் அவர் கடைசிவரை நம்பவில்லை. தங்கராசு அதற்குப் பிறகு எந்தக் கெட்டியையும் நெம்பி எடுக்கவில்லை, ஆனால் டாக்டரோடு ஒரு வாரம் பேசவும் இல்லை.

"இது பல வருஷம் கழிச்சும் திரும்பத் தலைகாட்டும், வந்து காட்டிட்டுப் போங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் மருதாயி வருவார். சர்ஜனிடம் காலைக் காட்டிவிட்டு, எங்கள் லேபுக்கு வந்து தனக்குக் கிடைத்த மனைப்பட்டாவைக் காட்டுவார். டாக்டர் அதை இடது மேல் மூலையிலிருந்து அடி முத்திரைவரை ஒவ்வொரு வருஷமும் புதிதாகப் படிப்பார்.

ஒரு வருஷம் மருதாயி வந்தபோது, டாக்டர் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நான்தான் சொன்னேன். அவர் அழவில்லை. டாக்டரின் நாற்காலிக்கு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து, பட்டாவைப் பிரித்து மேஜையில் வைத்தார்.

"இருக்கட்டும் தம்பி. அவரு மூலையிலேர்ந்துல்ல வரணும். நேரமாகும்."

நான் மெஷினை மூடிவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். டாக்டர் எவ்வளவு மெதுவாக வந்தாலும் காத்திருக்கலாம் என்றுதான் எனக்கும் இருந்தது.