கோப்புகளுக்கு மட்டும்

அக்காவின் கழுத்தில் தொங்கிய சீட்டை லிப்ட்காரர் இரண்டு முறை படித்தார். 'அவசரம்' என்றிருந்தது. வரவு எண் இருந்தது. முத்திரையும் இருந்தது.

"என்னக்கா இது?"

"பார்த்தா தெரியலையா தம்பி? கோப்பு."

பல்கலைக்கழகத்தின் ஏழு மாடிப் புதுக் கட்டடம் ஊழியர்களின் உடல்நலனை முன்னிட்டு வடிவமைக்கப்பட்டது. குடிநீர் மூன்றாம் மாடியில், கழிப்பறை ஆறாம் மாடியில். மனிதர்களுக்குப் படி. கோப்புகளுக்கு உடற்பயிற்சி தேவையில்லை என்று நிபுணர் குழு ஒருமனதாகக் கண்டறிந்ததால், லிப்ட் அவற்றுக்கு மட்டும்.

தபால் பிரிவு அக்காவின் முழங்கால்கள் முதல் வாரமே கையை விரித்துவிட்டன. நான்காம் மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு மாற்றம் கேட்டிருந்தாள். இன்று நாலு மணிக்குள் ஏழாம் மாடித் துணைப் பதிவாளர் கையெழுத்துப் போட வேண்டும். விட்டால் அடுத்த வருஷம்தான்.

"ஆள் ஏறக்கூடாதுக்கா. என் வேலை போயிடும்."

"ஆளைப் பத்தி யார் பேசினா? அவசரக் கோப்பை நிறுத்தி வெச்சேன்னு உன் மேலதான் எழுதுவாங்க."

அவர் கதவைத் திறந்தார். "கொஞ்சம் சாஞ்சாவது நில்லுங்க. கோப்பு இவ்வளவு விறைப்பா நிக்காது."

துணைப் பதிவாளர் சீட்டைப் படித்தார். அவளை மேசைக்கு இடப்பக்கம் நகர்த்தி நிறுத்தினார்.

"மனு சரி. டாக்டர் சர்டிபிகேட் சரி. மனுதாரர் எங்க?"

"நான்தான் சார்."

"நீங்க கோப்பு. மனுதாரர் நேர்ல வரணும்."

"நேர்லதானே சார் நிக்கிறேன்?"

"எதுல வந்தீங்க?"

"லிப்ட்ல."

"அப்புறம் என்ன? அவங்களைப் படியேறி வரச் சொல்லுங்க."

"படியேற முடியலைன்னுதான் சார் மனுவே."

"அதை அவங்க வந்து சொல்லட்டும்."

"வந்து சொன்னா?"

"ஏற முடியுதுன்னு ஆயிடுச்சே. உடனே தள்ளுபடி பண்ணிடலாம். இழுத்தடிக்கவே மாட்டேன்."

மணி நாலு அடித்தது. அவளுடைய சீட்டைத் திருப்பி, 'மனுதாரர் வராமையால் திருப்பி அனுப்பப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். கையெழுத்து அழகாகத்தான் இருந்தது.

பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து இன்னொரு சீட்டை எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். 'மிக அவசரம்.' வரவுத் தேதி, கட்டடத் திறப்பு விழா நடந்த நாள்.

லிப்ட்காரர் அதைப் படிக்காமலே கதவைத் திறந்தார். இருவரும் உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். துணைப் பதிவாளரின் கழுத்து நாடாவின் முடிச்சு அவிழ்ந்துகொண்டிருந்தது. அக்கா எட்டி அதை இறுக்கிக் கட்டினாள்.