பிடி வரைக்கும் வளைந்த ராடு

கடையில் பார்க்க அழகாக இருக்கிறதே என்று நான் எதை வாங்கினாலும், அது என்னைச் சந்தி சிரிக்க வைக்காமல் விடாது. அந்த முறை நடுக்கடலில் சிரிக்க வைத்தது.

எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. காதல் கல்யாணம். மாமனார் காசிமேட்டில் படகு வைத்திருப்பவர். நானோ வியாசர்பாடிக்காரன், தண்டையார்பேட்டை லேத் பட்டறையில் வேலை. கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிட்டார், போனார். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. திடீரென்று ஒருநாள் மச்சான் முரளியிடம் சொல்லி அனுப்பினார்: "ஞாயித்துக்கெழம தூண்டில் போடப் போறோம். அவரயும் வரச் சொல்லு."

என் மனைவி தேவிக்கு நிலைகொள்ளவில்லை. "எங்க நைனா கூப்ட்டதே பெருசு. போய் அடக்கமா குந்திகினு வா," என்றாள்.

அடக்கமாவது? நேராகப் பாரிமுனைக்குப் போய் தூண்டில் ராடு வாங்க நின்றேன். கடைக்காரர் இரண்டை எடுத்துக் காட்டினார். ஒன்று குட்டை, அழுத்தினால் நுனி மட்டும் வளையும், மீதி விறைப்பாக நிற்கும். இன்னொன்று நெட்டை, பிடி வரைக்கும் வளையும்.

"போட்டுல போறதுன்னா குட்டைய எடு சார். கனமா ஈயம் கட்டி ஆழத்துல எறக்கணும். அடியிலேர்ந்து மீன தூக்க அதான் தாங்கும். நெட்டை ஏரியில சின்ன மீனு புடிக்க."

(மீன்பிடிக்க இருபது வீடியோ பார்த்தவனுக்கே பாடம் எடுக்கிறார்.) வில் மாதிரி வளைந்தால்தானே போட்டோவில் வீரமாகத் தெரியும்? நெட்டையை வாங்கினேன்.

எண்ணூர் புகைபோக்கிகள் தெரியும் தூரத்தில் நங்கூரம் போட்டோம். மாமனாரும் முரளியும் ராடு இல்லாமல் தூண்டில் நரம்பை வெறும் கையாலேயே இறக்கினார்கள். நான் இறாலைக் குத்தி, ஈயத்தோடு என் ராடை இறக்கினேன். ஈயத்தின் கனத்துக்கே அது பாதி வளைந்துவிட்டது. படகு ஒரு அலையில் ஏறியதும் முழுசாக வளைந்தது.

"மீனு," என்று கத்தினேன்.

இருவரும் தங்கள் நரம்பை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். வெறும் ஈயம். அடுத்த அலைக்கு மறுபடி கத்தினேன். மறுபடி ஈயம். மூன்றாவது முறை முரளி மட்டும் வந்தான்.

"மாமு, அது அலை. நீ கொஞ்சம் கம்முனு இரு."

அரைமணி கழித்து நிஜமாகவே ஏதோ வெடுக்கென்று இழுத்தது. பலம் கொண்ட மட்டும் தூக்கினேன். ராடு வளைந்ததே தவிர எதுவும் மேலே வரவில்லை. நுனி தண்ணீரில் மூழ்கி, படகுக்கு அடியில் போய்விட்டது. நானும் கூடவே குனிந்தேன். இன்னும் குனிந்தேன். கால் பலகையை விட்டுக் கிளம்பியது. பின்னாலிருந்து ஒரு கை என் பெல்ட்டைப் பிடித்தது. மாமனார்.

"சுறாவா இருக்கும் மாமா," என்றேன், தலைகீழாக. (அவரிடம் நான் பேசிய முதல் வாக்கியம்.)

என்னை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு, அவரே நரம்பைப் பிடித்து இழுத்தார். கல்லில் சிக்கியிருந்த ஈயம் விடுபட்டு மேலே வந்தது. கூடவே ஒரு கிழங்கான் மீன், என் உள்ளங்கையைவிடச் சின்னது.

மாமனார் மீனைப் பார்த்தார். ராடைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரித்துச் சிரித்து இருமல் வந்து, நங்கூரக் கயிற்றின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா மாப்ளே, இதுக்கா இம்மாம் வளைச்சல்? வூட்டுக்கு எடுத்துனு போ. எம்பொண்ணு பாக்கட்டும்."

மாப்ளே என்றாரே, அது போதாதா? கரை வரைக்கும் அவர்தான் பேசிக்கொண்டு வந்தார்.

தேவி அந்த ஒற்றை மீனைப் பொரித்து, கூடவே வந்த மாமனாருக்கும் முரளிக்கும் சேர்த்து நான்கு பங்கு வைத்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சின்ன விஷயத்துக்கு யார் பெரிய ஆர்ப்பாட்டம் செய்தாலும் அதற்குப் பெயர் 'மாப்ள மீனு'. போன மாதம் என் மகள் கால் சுண்டுவிரல் சிராய்ப்புக்கு ஆம்புலன்ஸ் கேட்டாள். மாமனார் அவள் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னிடம் நிதானமாகச் சொன்னார்:

"ஒண்ணுமில்ல மாப்ளே. உன் மீனுதான்."