சம்பந்தியைக் கொட்டிய டிரெய்லர்

அம்பிட்டிய,
செவ்வாய்க்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி லெட்சுமணன் ஐயா அவர்களுக்கு (அப்படி அழைக்கத் தாங்கள் இன்னும் இடம் கொடுப்பீர்கள் என்ற நம்பிக்கையில்) ஓய்வுபெற்ற பாடசாலை உப அதிபர் கறுப்பையா பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். தங்கள் நலமும், சம்பந்தியம்மாவின் நலமும், தங்கள் பட்டு வேட்டியின் நலமும் அறிய ஆவல்.

ஞாயிற்றுக்கிழமை என் மகள் நிரோஷாவுக்குப் பரிசம் போடத் தாங்கள் கலகெதரவிலிருந்து குடும்பத்தோடு வந்து, பரிசம் போடாமலே திரும்பும்படி ஆகிவிட்டது. போகிறபோது, "இந்த வீட்ல பொண்ணு எடுக்கிறதா வேணாமான்னு யோசிச்சுத்தான் சொல்லுவேன்" என்று தாங்கள் சொன்ன சொல் என் காதை விட்டுப் போகவில்லை. நிரோஷா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஆகவே தாங்கள் யோசிப்பதற்கு முன் நடந்ததன் முன்கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்டால், நான் எதையும் பொருத்தம் பார்க்காமல் செய்கிறவன் அல்ல என்பது விளங்கும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் சரிவில் மிளகும் கறிக்கொச்சி மிளகாயும் போட்டிருப்பதைத் தாங்கள் பார்த்தீர்கள். இரண்டு பசு மாடும் உண்டு. அவற்றின் எருவைத் தாங்கள் பார்த்ததோடு நிற்கவில்லை. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். போன வருடம் தோட்டத்து வேலைக்கு ஒரு சின்ன உழவு இயந்திரம், அதாவது குட்டி டிராக்டர் வாங்கினேன். உடனே என் மனைவி ஜெயராணி, "எருவக் கூடையில தூக்கித் தூக்கி என் இடுப்பு போச்சு. தானா சாஞ்சு கொட்டுற டிரெய்லர் ஒண்ணு வாங்குங்க, இல்லாட்டி நீங்களே தூக்குங்க" என்றாள். அன்றே குருணாகல் வீதியில் டிரெய்லர் செய்து விற்கிற ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் சின்னது ஒன்றும் பெரியது ஒன்றும் காட்டி, "சேர், ஒங்க டிராக்டருக்குச் சின்னதே போதும். பெருசு எடுத்தா பாரத்தோட எறக்கத்துல அது டிராக்டரத் தள்ளிக்கிட்டுப் போகும்" என்றார். நான் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். இரண்டும் பிறந்த தேதி என்ன? அவர் கணக்குக் கொப்பியைப் புரட்டி, வெல்டிங் வைத்து முடித்த நாட்களைச் சொன்னார்.

டிராக்டர் பதிவான தேதியையும் இவற்றையும் எடுத்துக்கொண்டு ஜெயராணியோடு எங்கள் சோதிடரிடம் போனேன். காலமெல்லாம் ஒன்றோடொன்று கொக்கி மாட்டிக்கொண்டு வாழப்போகிற இரண்டுக்குச் சாதகம் பார்ப்பதில் என்ன தவறு? "இழுக்கிறது மாப்பிள்ளை, இழுபடுறது பொண்ணு" என்று சோதிடர் ஆரம்பித்ததும் ஜெயராணி குறுக்கே விழுந்து, "நம்ம வீட்ல அப்படி இல்லையே" என்றாள். அவர் விரல் மடக்கிப் பொருத்தம் எண்ணத் தொடங்கினார். சின்ன டிரெய்லருக்குப் பத்தில் நான்கு பொருத்தம்கூடத் தேறவில்லை. பெரியதற்கு எட்டு. எட்டுப் பொருத்தம் உள்ள இடத்தை விட்டுவிட்டு எவனாவது நான்குக்குப் போவானா? பெரியதையே எடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் ஆரத்தி எடுத்து வலது சக்கரத்தை முதலில் உள்ளே விட்டோம்.

பிழை எண்ணெய்க் குழாயில் தொடங்கியது. டிரெய்லரைத் தூக்கவும் இறக்கவும் டிராக்டரிலிருந்து இரண்டு குழாய் போகும், ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. கறுப்பு வலப்பக்கம் வருவது பெண் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு ஆகாது என்று சோதிடர் சொன்னதால் என் மைத்துனன் ரமேஸை விட்டு இரண்டையும் மாற்றி மாட்டினேன். மாட்டிய பிறகு லீவரை மேலே தள்ளினால் டிரெய்லர் இறங்கியது, கீழே இழுத்தால் ஏறியது. ரமேஸ் இரண்டு நாளில் பழகிக்கொண்டான். லீவருக்குப் பக்கத்தில் 'மேல்', 'கீழ்' என்று நானே அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்ததை மட்டும் மாற்றவில்லை. ஒட்டியது நன்றாக ஒட்டியிருந்தது.

ஞாயிறன்று தங்கள் வேன் வளைவைத் தாண்டி ஏற மறுத்ததும், சம்பந்தி வீட்டாரை நடக்க விடுவது மரியாதை அல்ல என்றுதான் கழுவித் துடைத்து, பாய் விரித்து, மாவிலை கட்டி, சம்பந்தியம்மாவுக்குப் பிளாஸ்டிக் கதிரையும் போட்டு டிரெய்லரை அனுப்பினேன். பாதி மேட்டில் டிராக்டரின் பின் சக்கரம் வழுக்கியபோது ரமேஸ், "எல்லாரும் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி ஒக்காருங்க" என்றதும், தள்ளி உட்கார்ந்ததும் டிராக்டரின் முன் சக்கரம் நிலத்தை விட்டு எழும்பியதும், பிறகு எல்லோரும் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்ததும் தாங்கள் அறிந்ததே. பத்திரமாக வாசலுக்கு வந்து சேர்ந்தீர்கள். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் இறங்கும்போது வண்டி கிழக்குப் பார்த்து நிற்க வேண்டுமே! அதனால் ரமேஸ் வண்டியைத் திருப்பி நிறுத்தினான். வண்டியின் முகம் கிழக்கே போனால் பின்பக்கம் எருக்குழிக்குத்தான் போகும், எங்கள் வாசல் அவ்வளவுதான்.

"இது எப்படிங்க எறங்குறது, இம்பூட்டு ஒசரமா இருக்கு" என்று சம்பந்தியம்மா கேட்டார். நான் ஆரத்தித் தட்டோடு நின்றவன், நல்ல எண்ணத்தில், "ரமேசு, பின்கதவத் தொறந்து ஒரு சாண் சாய்ச்சு விடு" என்றேன். அவன் திறந்துவிட்டு அளவாகத்தான் சாய்த்தான். ஆனால் தாங்கள் கொண்டுவந்த வாழைக்குலை நழுவ ஆரம்பித்ததும் நான் பதறி, "எறக்குடா, கீழ எறக்குடா!" என்று கத்திவிட்டேன். அவனும் பதறி, பழகியதை மறந்து, என் கையெழுத்தைப் பார்த்து 'கீழ்' என்ற பக்கம் இழுத்தான். நான் கத்தக் கத்த அவன் இழுத்தான், அவன் இழுக்க இழுக்க அது ஏறியது. முதலில் வாழைக்குலை, அடுத்து பரிசத் தட்டுகள், அடுத்து தாங்கள். சம்பந்தியம்மா மட்டும் கதிரையை விட்டு எழும்பாமலே வந்து, எருவின் நடுவில் உட்கார்ந்தபடியே இறங்கினார்கள். அந்தக் கம்பீரத்தை ஜெயராணி இன்னும் சொல்லிச் சொல்லி வியக்கிறாள். எருவோடு ஏற்ற மாட்டேன் என்று வேன்காரர் சொல்லிவிட்டதால், திரும்பும்போது கலகெதர பஸ்ஸில் தங்களுக்கு மட்டும் மூன்று சீட் கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன். அந்த ஒரு விஷயத்திலாவது மனதுக்கு ஆறுதல்.

ஐயா, ஒங்க கால்ல விழுந்து கேக்குறேன், என் கிறுக்குத்தனத்துக்காக புள்ளைங்க ரெண்டு பேரையும் பிரிச்சுடாதீங்க. அந்தச் சனியன் பிடித்த டிரெய்லரை நேற்றே மணல் ஏற்றுகிற ஒருவருக்கு விற்றுவிட்டேன். இனி அது எங்கள் வாசலை மிதிக்காது. தங்கள் இல்லத்தில் சகல செல்வமும் நிறைந்து, எரு வாடை சீக்கிரம் நீங்க முருகனை வேண்டி, தங்கள் நல்ல பதிலுக்காக உறங்காமல் காத்திருக்கும்,

கறுப்பையா.

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது தங்கள் மகன் திலீபன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். என் மன்னிப்பைக் காதில் வாங்கவில்லை. "டிரெய்லர் எங்க மாமா?" என்றார். விற்றதைச் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. "ஏன் மாமா வித்தீங்க? குழாய மாத்திப் போட்டா சரியாப் போச்சே! எங்கப்பா பேச்சு வராம நின்னத நான் பொறந்ததுல இருந்து அன்னைக்குத்தான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, நிரோஷாவையும் ரமேஸையும் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு அதை மீட்கப் போனார். இதோ, மேடு ஏறி வருகிறது. ஓட்டுவது மாப்பிள்ளை, பின்னால் நின்று சிரிப்பது என் மகள். போகும்போதே சொன்னார்கள், கல்யாண ஊர்வலமும் அதில்தானாம், நாளும் குறித்துவிட்டார்களாம். ஆகவே தாங்கள் ஆறுதலாக யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை. வருவதானால் நடந்து வாருங்கள்.