நீலப் புகை நிபுணர்

உலகத்தில் கார் ஓட்டுகிறவர்கள் உண்டு, கார் பழுது பார்க்கிறவர்கள் உண்டு. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. தெருவில் யாராவது பானட்டைத் தூக்கினால் போதும், அடுப்பில் பால் பொங்கினாலும் பொங்கட்டும் என்று விட்டுவிட்டு வந்து, திறந்த என்ஜின் மேல் குனிந்து நின்று நோய் சொல்கிற இனம். நீலப் புகை நிபுணர் என்று நாம் பெயர் வைத்துக்கொள்ளலாம். அவரைக் கேட்டால், "எனக்கு என்னப்பா தெரியும்?" என்றுதான் சொல்வார். தயவுசெய்து அதை நம்பிவிடாதீர்கள்.

எங்கள் ஊரான யாரண்டூவில் மழை பொய்க்கும், கோதுமை பொய்க்கும், இந்த இனம் மட்டும் பொய்ப்பதே இல்லை. இதில் மூத்தவர் நெவில் ட்ரெம்பாத். தபாலாபீஸில் முத்திரை குத்தியே ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் ஒரு போல்ட்டைக் கழற்றியதில்லை. கழற்றினால் திரும்ப மாட்ட வேண்டும், அதெல்லாம் மெக்கானிக் செய்கிற வேலை. நெவில் செய்வது அதற்கு ஒரு படி மேலே.

அவர் வருகிற அழகைப் பார்க்க வேண்டும். அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு, ஸ்பாஞ்சு உறை போட்ட பியர் பாட்டில். நேராக வரமாட்டார், தன் ரோஜாச் செடியைப் பார்க்கிற மாதிரி வெளியே வந்து, அப்படியே வேலியோரம் நடந்து, தற்செயலாக உங்கள் காரைக் கண்டுபிடித்தவர் போல நின்று, என்ஜினைப் பார்ப்பார். பிறகு பல்லிடுக்கில் காற்றை உள்ளே இழுப்பார். ஸ்ஸ்ஸ். ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து இப்படி இழுத்தால் உயில் எழுதிவிட மாட்டோமா?

"எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்பார். நீங்கள் எதைச் சொன்னாலும் "அதான்" என்பார். அளவுக் கம்பியை உருவி, ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்து, முகர்ந்து, வானத்தைப் பார்ப்பார். வானத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. கடைசியில் தீர்ப்பு வரும். "பிஸ்டன் ரிங் போயிருக்கலாம். இல்லேன்னா வால்வ் சீல். அதுவும் இல்லேன்னா முன்னாடி யாரோ கை வெச்சிருக்கான்." இந்த மூன்றுக்குள் அடங்காத நோயை நெவில் பார்த்ததே கிடையாது.

எங்கள் ஊரில் இதற்கு இரண்டு சட்டங்கள் உண்டு. எழுதி வைத்த சட்டம் இல்லை, அதனால் யாரும் மீற மாட்டார்கள். ஒன்று, பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்து முடிப்பதற்குள் காரை வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனால், உயிரோடு இருக்கிற சொந்தக்காரர்களுக்குச் சொல்லாமல் கல்யாணம் பண்ணிக்கொண்ட மாதிரி. இரண்டாவது, திறந்த பானட்டைப் பார்க்க வருகிறவர் வெறுங்கையோடு வரக் கூடாது. விருந்துக்குப் போனால் ஆளுக்கொரு தட்டு பலகாரம் கொண்டுபோகிறோம் இல்லையா, அதுபோல அவரவர் ஷெட்டில் பாதி மிச்சம் கிடக்கிற ஆயில் டப்பாவைக் கொண்டுவந்து, "இருக்கட்டும் மாப்ளே" என்று ஒரு வாய் ஊற்றிவிட்டுத்தான் போவார்கள். எல்லாம் அன்புதான்.

அந்த அன்புதான் நெவிலின் மகள் கல்யாணத்தில் வந்து நின்றது.

டாம்சினுக்கும் ஆங்கஸுக்கும் சனிக்கிழமை கல்யாணம். ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போன கல்யாணம், ஒரு தடவை வெள்ளம், ஒரு தடவை மாப்பிள்ளைக்கு அம்மைக்கட்டு. பாதிரியார் மால்கம் ஒருவர்தான் சுற்றுவட்டாரத்தில் எல்லா ஊருக்கும் சேர்த்து ஒரே ஆள். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் இங்கே தாலி கட்டாத குறையாக எல்லாவற்றையும் முடித்துவிட்டு, அடுத்த ஊரில் ஒரு அடக்கத்துக்கு ஓட வேண்டும். விட்டால் அறுவடை முடிந்துதான் நாள் கிடைக்கும். டாம்சின் அப்பாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"நேரத்துக்குக் கோயிலுக்குப் போய்ச் சேரணும்ப்பா. வேற எதுவும் வேணாம்."

"கிளெனிஸ் கார் இருக்கும்மா. ராணி மாதிரி போகலாம்."

கிளெனிஸ் எதிர்வீட்டு விதவை. அவளிடம் ஒரு பழைய பாலாடை நிறக் கார் இருந்தது. ஊரில் பார்க்க லட்சணமான கார் அது ஒன்றுதான், மற்றதெல்லாம் பின்னால் திறந்த தொட்டி வைத்த, ஆட்டு வாடை அடிக்கிற யூட் வண்டிகள். குளிர்காலம் முழுக்க ஷெட்டில் தூங்கிய காரைத் திங்கட்கிழமை எடுத்து, நெவில் வீட்டுச் செங்குத்தான வாசல் மேட்டில் ஏற்றி நிறுத்தினாள். ஏற்றும்போது பின்பக்கம் லேசாக ஒரு புகை வந்தது. ஒரே ஒரு தும்மல். அவள் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"என்னமோ நீலமா வந்த மாதிரி இருந்துச்சு, நெவ்" என்றாள்.

நெவில் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்! மகள் பிறந்த அன்றுகூட அவ்வளவு இல்லை என்று அவர் மனைவி ஜாய்ஸ் சொல்கிறாள். பானட் திறந்தது. கம்பியை உருவினார். ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே நின்றது.

"ஆயில எரிக்குது" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் எங்கள் ஊரில் அந்த வார்த்தை தெருக்கோடி வரை கேட்கும். செம்மறி ஆட்டுக்கு முடி வெட்டியே முதுகு வளைந்த கிளாரி அதற்குள் வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான், எரிக்குதாமே?"

"ரிங்கு."

"ரிங்கா? போடா, இது வால்வ் சீல். எங்க மச்சினன் வண்டி இதே மாதிரிதான். இதே கலர் வேற."

"கலருக்கும் சீலுக்கும் என்னடா சம்பந்தம்?"

"நான் ஒண்ணும் சொல்லல மாப்ளே. நீ படிச்சவன், ஸ்டாம்ப்ல எச்சி தொட்டவன். நான் கேக்கத்தான் கேக்குறேன்."

இருவரும் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். பிறகு ஒற்றுமையாக ஆயில் ஊற்றினார்கள். மறுபடி கம்பியை உருவினால் அளவு அப்படியொன்றும் ஏறவில்லை. "பாத்தியா, ஊத்த ஊத்தக் குடிக்குது" என்று கிளாரி சொல்ல, ஜாய்ஸ் சமையலறை ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நெவில், பேசாம வொர்க்‌ஷாப்ல விட்டுத் தொலையேன். கல்யாணத்த வெச்சுக்கிட்டு என்ன விளையாட்டு?"

"என் பொண்ணு கல்யாணக் காரை ஒரு வெளியாளு தொடணுமா, ஜாய்ஸ்? ஊரு என்ன நினைக்கும்?"

ஊர் என்ன நினைத்தது என்று சொல்லவா? செவ்வாய்க்கிழமை கசாப்புக் கடைக்காரர் வந்து, மோந்து, ஊற்றினார். தீயணைப்புப் படைத் தலைவர் டெரெக் வந்து ஊற்றினார். ஆங்கஸ் வருங்கால மாமனாருக்கு மரியாதை காட்ட வேண்டாமா, ஒரு புது டப்பாவையே பிரித்து ஊற்றினான். கல்யாணப் பேச்சுப் பேச வந்த பாதிரியார்கூட பைபிளைக் காரின் கூரை மேல் வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தார். ஒவ்வொரு நாளும் கிளப்பிப் பார்க்கும்போது புகை கூடிக்கொண்டே போயிற்று. புகை கூடக் கூட, ஆயில் எரிகிறது என்பது உறுதியாயிற்று. எரிகிற ஆயிலை ஈடுகட்டுவது எப்படி? வேறெப்படி?

ராத்திரி படுக்கையில் நெவிலுக்குத் தூக்கம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், மனிதரை ஒரேயடியாகக் கேலி செய்வது பாவம். மகள் கேட்டது ஒன்றே ஒன்று. அதை ஒழுங்காகச் செய்து கொடுக்க வேண்டும் என்று அவருக்குள் பயம் கிடந்து அடித்துக்கொண்டது. அந்தப் பயத்தில்தான் விடிந்ததும் எழுந்து இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

சனிக்கிழமை கிளம்பினார்கள். கிளெனிஸ் ஓட்டினாள், பின்னால் வெள்ளைக் கவுனில் டாம்சின், பக்கத்தில் கோட்டும் டையுமாக நெவில். வாசலை விட்டு இறங்கும்போதே தெரு மறைந்துவிட்டது. கையசைக்க வந்த அண்டைவீட்டுக்காரர்கள் புகைக்குள் இருமுவது மட்டும் கேட்டது. கோதுமை வயல்களுக்கு நடுவே நேராக ஓடும் தட்டைச் சாலையில், கோயில் கூரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

அங்கேயே இறங்கி நடந்திருந்தால்கூடப் போய்ச் சேர்ந்திருக்கலாம். நெவில் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்?

பானட்டைத் திறந்தார்.

கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த கிளாரி யூட்டை ஓரங்கட்டினார். அடுத்து கசாப்புக் கடைக்காரர். வயலுக்கு மேலே எழும்பிய புகையைப் பார்த்துச் சைரன் அலறிக்கொண்டு தீயணைப்பு வண்டி வந்தது, நெருப்பு இல்லை என்று தெரிந்ததும் டெரெக்கும் ஆட்களும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்தார்கள். கோயில் வாசலில் காத்திருந்தவர்களுக்குத் தூரத்தில் திறந்த பானட் தெரிந்தது. அதற்கு மேல் அவர்களால் எப்படி நிற்க முடியும்? மாப்பிள்ளை வந்தான், மாப்பிள்ளைத் தோழன் வந்தான், ஆர்கன் வாசிக்கிறவர் வந்தார், கடைசியில் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாதிரியாரும் ஓடி வந்தார். எல்லா முதுகுகளும் வெளியே, எல்லாத் தலைகளும் உள்ளே. பின் சீட்டில் ஒரு மணப்பெண் இருப்பது யாருக்கும் ஞாபகமில்லை.

ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். டாம்சின் நிமிர்ந்து பார்த்தாள். பல்லிடுக்கில் காற்றிழுத்தது அவள் அப்பா இல்லை. ஆங்கஸ்.

கதவைத் திறந்து இறங்கினாள். கவுனைச் சுருட்டி இடது கையில் போட்டுக்கொண்டு, முதுகுகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், அப்பா கோட்டுப் பையிலிருந்த பட்டுக் கைக்குட்டையை உருவினாள். அளவுக் கம்பியைத் துடைத்து, விட்டு, எடுத்தாள். அளவு காட்டுகிற மேல் கோடே தெரியவில்லை. ஆயில் கம்பியின் கைப்பிடி வரைக்கும் ஏறி அவள் விரலில் வழிந்தது.

"அப்பா. இது எரிக்குதுன்னு யார் சொன்னது?"

"குறைவா காட்டுச்சும்மா. நம்ம வாசல்ல வெச்சுப் பாத்தப்போ…"

"நம்ம வாசல்லயா? அந்த மேட்டுலயா? மூக்க மேல தூக்கி நிறுத்தினா ஆயிலெல்லாம் பின்னாடி ஓடிடாதா? கம்பியில எங்கருந்து தெரியும்? அளவுக்கு மேல ஊத்தினா புகையாம என்ன பண்ணும்?" அவள் சுற்றிலும் பார்த்தாள். "இதுல யாரெல்லாம் ஊத்தினீங்க? கையத் தூக்குங்க."

முதலில் கிளாரியின் கை, பாதி தூரம். கசாப்புக் கடைக்காரர் கை. ஒவ்வொன்றாக எழும்ப எழும்ப ஒரு காடே எழும்பிவிட்டது.

"நான் இப்பத்தானே வந்தேன்" என்றார் டெரெக்.

"செவ்வாக்கிழம?"

டெரெக் கையைத் தூக்கினார். எல்லோருக்கும் பின்னால் அங்கி அணிந்த கை ஒன்றும் தயங்கித் தயங்கி எழுந்தது.

"ஃபாதர், நீங்களுமா?"

"கொஞ்சூண்டுதாம்மா" என்றார் பாதிரியார்.

நெவிலின் கை மட்டும் எழவில்லை. அவர் தலை குனிந்து நின்றார், கண்ணில் தண்ணீர். "எப்படியாச்சும் உன்னக் கொண்டு சேத்துடணும்னுதான்…" என்றார். டாம்சின் அவரைப் பார்த்தாள். கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டும் சேர்ந்து அழுகையாக வந்தது. ஆயில் கையோடு அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கறை கோட்டில் இன்னும் இருக்கிறது.

பிறகு பானட்டை ஓங்கி அறைந்து மூடினாள்.

அத்தனை ஆண்களுக்கும் கையை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. பாதிரியார் கடிகாரத்தைப் பார்த்தார். கோயிலுக்குத் திரும்பிப் போய் எல்லோரையும் உட்கார வைக்க நேரமில்லை, அடக்கத்துக்கு ஆட்கள் காத்திருப்பார்கள். "இங்கயே முடிச்சுடலாமா?" என்றார். கோயிலிலிருந்து பெண்களெல்லாம் குதிகால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்து சேர்ந்தார்கள், ஜாய்ஸ் முன்னால். டாம்சின் ஆங்கஸைப் பார்த்தாள்.

"முதல்ல நீ ஒண்ணு சொல்லு. இனிமே எங்கயாச்சும் பானட் திறந்திருந்தா என்ன பண்ணுவ?"

"அந்தப் பக்கமே போக மாட்டேன்."

"கல்யாணத்தன்னைக்கே பொய்யா?"

ஆங்கஸ் யோசித்தான். ரொம்ப நேரம் யோசித்தான். "போவேன். பாப்பேன். ஆனா ஊத்த மாட்டேன்."

"சரி, ஃபாதர். ஆரம்பிங்க" என்றாள் டாம்சின்.

மூடிய பானட்டின் மேல் பைபிளை வைத்துக் கல்யாணம் நடந்தது. ஈக்கள் மொய்த்தன, தீயணைப்பு வண்டி மணியடித்தது. பாதிரியார் அடக்கத்துக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தார் என்றும், அவர் உடம்பில் வந்த ஆயில் வாடையைப் பற்றி இறந்தவர் ஒன்றும் சொல்லவில்லை என்றும் கேள்வி. கிளெனிஸின் காரை மறுநாள் வொர்க்‌ஷாப்பில் விட்டு, ஆயிலை வடித்து, சரியான அளவு நிரப்பினார்கள். அதற்குப் பிறகு அது ஒரு தடவைகூடத் தும்மவில்லை.

நெவில் ஒரு மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பிறகு ரோஜாச் செடியைப் பார்க்க வந்தார்.

நிற்க. இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டிருந்தீர்களே, ஒன்றை மட்டும் கேட்டுவிடுகிறேன். அந்த முதல் தும்மலைப் பற்றிப் படித்தபோது, யாரும் உங்களைக் கேட்காதபோதே, "இது அனேகமாக ரிங்தான்" என்று உங்களுக்குள் ஒரு குரல் சொல்லவில்லையா? சொன்னதா? கிளெனிஸின் கார் இப்போது நன்றாக ஓடுகிறது. அதை விட்டுவிடுங்கள்.